ஹங்கர் கேம்ஸ்: படம் பார்த்துவிட்ட மகளுக்கு நூல்களையும் கொடுக்கலாமா?

ஏற்காட்டில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், விடுமுறைக்கு அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்திருந்தபோது ‘ஹங்கர் கேம்ஸ்’ படங்கள் நான்கையும் பார்த்துவிட்டு, இப்போது அவற்றின் மூல நூல்களையும் வாங்கித் தரும்படி கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பிள்ளைகளையே கொல்லும் கதையை அவள் கையில் கொடுக்க உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. படத்திலேயே கதை முழுவதும் தெரிந்துவிட்ட பிறகு நூலில் என்ன மிச்சம் இருக்கும் என்பது உங்களுடைய இரண்டாவது கேள்வி. சேலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து ஆங்கிலக் கதைகளை நெடுங்காலமாக வாசித்துவரும் ஆசிரியை என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நூல்களைத் தயங்காமல் கொடுங்கள். மூன்றாவது நூலை மட்டும் நீங்களும் உடன் வாசிப்பதாக இருந்தால் கொடுங்கள். படங்கள் நன்றாக எடுக்கப்பட்டவை என்றாலும், இந்தக் கதையின் அடிவயிற்றில் இருக்கும் பசியை அவற்றால் காட்ட முடியவில்லை. நூல்களை வாங்கித் தர அந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் நூல்களைப் பார்த்ததில்லை என்பதால் சுருக்கமாகச் சில விவரங்கள். இவற்றை எழுதிய சூசன் காலின்ஸ் அமெரிக்கர், 1962-ல் பிறந்தவர், நாவல் எழுத வருவதற்கு முன் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். முதல் நூல் 2008-லும், இரண்டாவது 2009-லும், மூன்றாவது 2010-லும் வெளிவந்தன. வட அமெரிக்கா அழிந்த பின் அங்கே உருவான பானெம் என்ற நாட்டில், செல்வம் கொழிக்கும் கேபிடல் நகரம் பன்னிரண்டு மாவட்டங்களை அடக்கி ஆள்கிறது. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்ததற்குத் தண்டனையாக, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாவட்டமும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஓர் ஆண் பிள்ளையையும் ஒரு பெண் பிள்ளையையும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். இருபத்துநான்கு பேரும் ஓர் அரங்கில் விடப்பட்டு ஒருவர் மட்டுமே எஞ்சும் வரை சண்டையிட வேண்டும். அது நாடு முழுவதும் நேரலையாக ஒளிபரப்பாகும், பார்ப்பது கட்டாயம். எழுபத்துநான்காம் ஆண்டுப் போட்டிக்குத் தன் தங்கை பிரிமின் பெயர் வந்ததும், அவளுக்குப் பதிலாகத் தானே முன்வரும் பதினாறு வயதுக் காட்னிஸ்தான் நாயகி. ‘ரியாலிட்டி ஷோ’ எனப்படும் உண்மைநிலை நிகழ்ச்சி ஒன்றையும் ஈராக் போர்க் காட்சிகளையும் தொலைக்காட்சியில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டும் தன் மனத்தில் கலந்ததாகவும், மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்கு இரையாக ஏதென்ஸ் தன் பிள்ளைகளை அனுப்பிய கிரேக்கத் தொன்மமும் உடன் சேர்ந்துகொண்டதாகவும் காலின்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இனிப் பசியைப் பற்றி. நூலின் முதல் அத்தியாயத்திலேயே ‘டெசரா’ என்ற ஓர் ஏற்பாடு விளக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு சீட்டாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் விழும். ஆண்டுக்கு ஒன்றாக அது கூடும். ஏழைப் பிள்ளைகள் மட்டும், விரும்பினால், கூடுதலாக ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டு, ஒருவருக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் இப்படி வாங்கலாம்; வாங்கிய சீட்டுகள் ஒருபோதும் கழியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

வகுப்பில் இந்தப் பகுதிக்கு வரும்போது நான் கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்வது வழக்கம். காட்னிஸ் தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்குமாக ஆண்டுக்கு மூன்று முறை டெசரா வாங்குகிறாள். ஆகவே பன்னிரண்டு வயதில் அவள் பெயர் நான்கு சீட்டுகளில் இருக்கிறது. பதினாறில் அது இருபதாகிவிடுகிறது. அவளுடைய நண்பன் கேல் ஐந்து பேருக்காக வாங்குபவன். பதினெட்டு வயதில் அவன் பெயர் நாற்பத்திரண்டு சீட்டுகளில் இருக்கிறது. மேயரின் மகள் மேட்ஜ் காட்னிஸின் வயதுடையவள். அவளுக்கு வெறும் ஐந்து. சீட்டுக் குலுக்கும் நாளன்று நல்ல உடை உடுத்தி நிற்கும் மேட்ஜிடம், பன்னிரண்டு வயதிலேயே எனக்கு ஆறு சீட்டு இருந்தது என்று கேல் முகத்தில் அடித்தாற்போலச் சொல்வான். கணக்கைப் போட்டு முடித்த ஒரு மாணவன், “அப்படீன்னா இது குலுக்கலே இல்லீங்களே மிஸ், யாரு போகணும்னு ரேஷன் கடையிலேயே முடிவாயிடுதே” என்றான். காலின்ஸ் முப்பது பக்கங்களில் உணர்த்துவதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். நம் ஊர் ரேஷன் கடையில் அரிசி வாங்குவது குடும்ப அட்டைதாரரின் உரிமை; அதற்கு யாரும் உயிரை ஈடு வைப்பதில்லை. பானெமில் அதே அரிசிக்குப் பிள்ளையின் உயிர்தான் பிணை. ஏழையும் பணக்காரரும் ஒரே கிண்ணத்தின் முன் நிற்கிறார்கள் என்ற நாடகத்துக்கு உள்ளே இந்தக் கணக்கு ஓடுகிறது. மாவட்டத்துக்குள்ளேயே வசதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டிருந்தால் கேபிடலுக்கு அது நல்லதுதானே என்று காட்னிஸ் நினைப்பதும் இதே இடத்தில்தான் வருகிறது.

படத்தில் இதற்குக் கிடைத்தவை ஓரிரு வசனங்கள் மட்டுமே. தன் பெயர் நாற்பத்திரண்டு முறை இருப்பதாகக் கேல் சொல்லிவிட்டுப் போய்விடுவான். கூடுதல் உணவுக்காகப் பெயரைக் கொடுக்காதே என்று காட்னிஸ் தங்கைக்குச் சொல்வாள். கவனிக்காத பிள்ளைகளுக்கு அது என்னவென்றே பிடிபடாது. படத்தை மட்டும் பார்த்த என் மாணவர்களில் பலருக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைச் சொல்லிக் கொடுக்கும்போது, நம் மண்ணிலிருந்தே ஒன்றை எடுத்துக்காட்டுவேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் மிகக் கடுமையாகத் தாக்கியது. நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ல் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் அதைப் பெறுவதற்கும் முகாம்களில் மண் சுமக்கவும் கல் உடைக்கவும் வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. இதைச் சொன்ன பிறகு, நூலில் பதினொன்றாம் மாவட்டத்தைப் பற்றி ரூ என்ற சிறுமி சொல்லும் பகுதியை வாசிக்கச் சொல்வேன். நாட்டுக்கே உணவு விளைவிக்கும் மாவட்டம் அது. விளைச்சலில் கைவைத்தால் எல்லோர் முன்னிலையிலும் கசையடி. விளைவிப்பவர் பட்டினி கிடப்பது எப்படி என்று அதன் பிறகு எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை.

பசியைப் பற்றிய இன்னோர் இடத்தையும் சொல்ல வேண்டும். சுரங்க வெடிவிபத்தில் அப்பா இறந்த பிறகு, அம்மா படுக்கையிலிருந்து எழாமல் பித்துப்பிடித்தவராகக் கிடக்க, பதினோரு வயதுக் காட்னிஸ் தங்கையின் பழைய துணிகளைச் சந்தையில் விற்கப் போகிறாள். யாரும் வாங்கவில்லை. கொட்டும் மழையில், ரொட்டிக்கடையின் பின்புறக் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறாள், அதுவும் காலி. கடைக்காரரின் மனைவி வசை பாடி விரட்டுகிறாள். மரத்தடியில் சரிந்து கிடக்கும் அவளை, பின்னாளில் அவளுடனேயே போட்டிக்குப் போகவிருக்கும் கடைக்காரரின் மகன் பீட்டா பார்த்துவிடுகிறான். உள்ளே ஏதோ விழும் சத்தம். அடி விழும் சத்தம். கன்னம் சிவந்து வெளியே வரும் பையனின் கையில் கருகிய இரண்டு ரொட்டிகள். பன்றிக்குப் போடச் சொல்லி அனுப்பப்பட்ட அவற்றை, அம்மா உள்ளே திரும்பியதும் அவள் பக்கம் வீசிவிடுகிறான். சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு ஓடும்போது அவை அவள் தோலைச் சுடுகின்றன. வீட்டில் கருகிய மேற்புறத்தைச் சுரண்டிவிட்டு அறுத்துப் பார்த்தால், உள்ளே உலர்திராட்சையும் பருப்புகளும் நிறைந்த நல்ல ரொட்டி. அவன் வேண்டுமென்றேதான் தீயில் போட்டானோ என்ற எண்ணம் அவளுக்கு மறுநாள் காலையில்தான் உதிக்கிறது. மறுநாள் பள்ளியில் அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தும்போது, அந்த ஆண்டின் முதல் டாண்டெலியன் பூ தரையில் தெரிகிறது. உண்ணத்தக்க கீரை அது. அப்பா கற்றுக்கொடுத்தவையும் காடும் இருக்கும்வரை பிழைத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிகிறது. படத்தில் மழையும் ரொட்டியும் துண்டு துண்டான நினைவுகளாக வந்துபோகின்றன. அவனுக்கு அவள் பட்ட கடன் எவ்வளவு பெரியது என்பதும், அந்தக் கடன் அவளை ஏன் அவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதும் நூலை வாசித்தால்தான் விளங்கும்.

நூலுக்கும் படத்துக்கும் உள்ள அடுத்த பெரிய வேறுபாடு கதை சொல்லும் முறையில் இருக்கிறது. மூன்று நூல்களையும் காட்னிஸே, நிகழ்காலத்தில், ‘நான்’ என்று சொல்கிறாள். அவளுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. அரங்கில் அவளுக்கு உதவ வேண்டிய வழிகாட்டி ஹேமிட்ச், புரவலர்கள் தரும் பணத்தில் சிறு பாராசூட்டில் பொருள்களை அனுப்பலாம். தாகத்தில் நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறாள், எதுவும் வரவில்லை. அவன் என்னை வெறுக்கிறானா, குடித்துவிட்டுக் கிடக்கிறானா என்று முதலில் நினைத்தவள், பிறகு வேறொரு முடிவுக்கு வருகிறாள்: அவன் அனுப்பாததே ஒரு செய்தி, தண்ணீர் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் சிறிது தூரம் ஊர்ந்தால் சேறு. சேற்றைத் தாண்டினால் குளம். பின்னால் குகையில் பீட்டாவுக்கு ஒரு முத்தம் கொடுத்ததும் சூடான சூப்பு வருகிறது. காதலித்தால் சாப்பாடு என்று புரிந்துகொள்கிறாள். நூலில் இந்தப் பொருள்களோடு எந்தக் குறிப்பும் வருவதில்லை. இருவருக்கும் இடையிலான பேச்சு முழுவதும் மௌனத்திலேயே நடக்கிறது. படத்தில் ஹேமிட்ச் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புகிறான். பார்வையாளருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயத்தில் செய்த மாற்றம் அது. இயக்குநரைக் குறைசொல்ல முடியாது. ஆனால், அந்தச் சீட்டு வந்தவுடன் காட்னிஸ் யோசிக்க வேண்டிய தேவையே போய்விடுகிறது.

இதன் விளைவு காதல் கதையில் மிகத் தெளிவாகத் தெரியும். உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டுப் பீட்டாவா கேலா என்று கட்சி கட்டிப் பேசுவதை ஏற்காடு விடுதிகளிலும் சேலத்து டியூஷன் வகுப்புகளிலும் கேட்கலாம். நூலில் காட்னிஸுக்குக் காதலைப் பற்றி யோசிக்கவே நேரமில்லை. கேமரா எங்கிருந்து பார்க்கிறது, இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், இதனால் என்ன கிடைக்கும் என்றே ஓடிக்கொண்டிருக்கிறாள். எது நடிப்பு, எது உண்மை என்று அவளுக்கே பிரித்தறிய முடியாமல் போகிறது. முதல் நூலின் முடிவில், இருவரும் தப்பி ஊர் திரும்பும் வழியில், அவள் காட்டியதெல்லாம் பெரும்பாலும் நடிப்பு என்று பீட்டாவுக்குத் தெரியவருகிறது; மனம் உடைந்த அவன், கேமராக்களுக்காக இன்னும் ஒரு முறை கையை நீட்டுகிறான். படத்தில் அந்தக் காயம், இதையெல்லாம் மறக்க முயல்வோம் என்ற ஒற்றை வசனமாகச் சுருங்கிவிட்டது. எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு படம் எடுத்துப் பதிவேற்றி வளரும் இந்தத் தலைமுறைப் பெண்களுக்கு, இந்த நூல் அளவுக்கு நெருக்கமான வேறொன்றை என்னால் எளிதில் சொல்ல முடியாது.

படங்கள் மீது எனக்குக் குறையே தவிர வேறில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேரி ராஸ் இயக்கி 2012 மார்ச்சில் வெளிவந்த முதல் படத்தின் திரைக்கதையில் காலின்ஸுக்கும் பங்கு உண்டு. சீட்டுக் குலுக்கும் நாள் காட்சியைப் பாருங்கள்: சாயம்போன நீலமும் சாம்பலுமான உடைகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும், விரலில் ஊசி குத்தி இரத்தப்புள்ளியைப் பதிவேட்டில் வைப்பதும், பின்னணி இசை இல்லாத அந்த அமைதியும் நூலைவிடப் படத்தில் அதிகம் அச்சுறுத்துகின்றன. போட்டி தொடங்கும் கணத்தில் நடக்கும் கொலைகளை, ஒலியை அமுக்கி, கேமராவை உலுக்கி, முழுதும் பார்க்கவிடாமல் எடுத்திருக்கிறார்கள். வன்முறையை இரசிக்க வைக்கக் கூடாது என்ற பொறுப்புணர்வும், பதின்மூன்று வயதினர் பார்க்கத்தக்க சான்றிதழ் வேண்டும் என்ற வணிகத் தேவையும் அதில் சேர்ந்தே இருந்திருக்கும். பிரிட்டனில் பன்னிரண்டு வயதினருக்கான சான்றிதழ் பெற மேலும் ஏழு விநாடிகளை நீக்கினார்கள். போட்டியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையும், அதிபர் ஸ்னோ ரோஜாத் தோட்டத்தில் பேசும் காட்சிகளும் நூலில் இல்லாதவை. காட்னிஸின் கண்ணுக்கு எட்டாத அதிகாரத்தின் முகத்தை அவை காட்டுகின்றன. ஸ்னோவாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட் அந்தப் பாத்திரத்தைப் பற்றி இயக்குநருக்கு எழுதிய நீண்ட கடிதமே ரோஜாத் தோட்டக் காட்சிகளுக்குக் காரணமாக அமைந்தது.

அடுத்த மூன்று படங்களும் பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கியவை. 2013-ல் வந்த இரண்டாம் படமே நான்கிலும் சிறந்தது என்பது என் கருத்து. மூன்றாம் நூலை 2014-லும் 2015-லும் இரண்டு படங்களாக நீட்டியது வசூலுக்காக எடுத்த முடிவு என்றே தோன்றுகிறது. அதில் முதல் பாதி பல இடங்களில் தொய்கிறது. ஆயினும் அதே பாதியில்தான் நூலை மிஞ்சும் ஓர் இடமும் இருக்கிறது. காட்னிஸ் ஆற்றங்கரையில் பாடும் தூக்குமரப் பாட்டு, பிரசாரப் படமாகி, மக்கள் வாயில் போராட்டப் பாடலாக மாறி, அவர்கள் கூட்டமாக ஓடி ஓர் அணையைத் தகர்ப்பதில் முடிகிறது. வரிகள் காலின்ஸ் எழுதியவை. பாடியவர் நாயகியாக நடித்த ஜெனிஃபர் லாரன்ஸ். அணைத் தாக்குதல் நூலில் கிடையாது. மேட்டூர் அணையைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள் அந்தக் காட்சியில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு கதையிலிருந்து எதைத் திரைக்கு எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி சேலத்துக்குப் புதிதில்லை. ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் ‘மந்திரிகுமாரி’யை எடுத்தபோது, கருணாநிதி குண்டலகேசிக் கதையிலிருந்து நாடகமாக்கியிருந்ததையே படமாக்கியது, கணவனை மலையுச்சியிலிருந்து மனைவி தள்ளிவிடும் நிகழ்ச்சி திரைக்கு வந்தது, காப்பியத்தின் உயிரான பௌத்தத் துறவும் சமய வாதமும் வரவில்லை. நிகழ்ச்சியைத் திரை எளிதாக வாங்கிக்கொள்ளும். நிகழ்ச்சிக்குப் பின்னால் இருக்கும் சிந்தனையை வாங்குவது கடினம். ஹங்கர் கேம்ஸ் படங்களிலும் விடுபட்டவை பெரும்பாலும் அந்த வகைதான். நாவறுக்கப்பட்டுப் பணிப்பெண்ணாக்கப்பட்ட செந்நிறக் கூந்தல் பெண்ணைக் காட்னிஸ் முன்பே காட்டில் பார்த்திருக்கிறாள், உதவாமல் ஒளிந்துகொண்டிருந்தாள் என்ற குற்றவுணர்வு முதல் படத்தில் இல்லை. பீட்டா ஒரு காலை இழப்பது இல்லை. காட்னிஸ் அணியும் மாக்கிங்ஜே பறவைச் சின்னத்தை நூலில் அவளுக்குக் கொடுப்பவள் மேயர் மகள் மேட்ஜ். அது முன்பொரு போட்டியில் மாண்ட அவளுடைய சித்தியின் சின்னம். படத்தில் மேட்ஜே இல்லாததால், வசதி படைத்த வீட்டிலும் அந்தக் கிண்ணம் ஒரு சாவை வைத்திருக்கிறது என்ற செய்தி காணாமல் போய்விட்டது.

இவை எல்லாவற்றிலும் நான் மிக வருந்துவது ஒரு ரொட்டிக்காக. பன்னிரண்டு வயது ரூ இறந்ததும் காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். நூலில், அன்று மாலை ஒரு பாராசூட் வருகிறது. உள்ளே பதினொன்றாம் மாவட்டத்தின் பிறை வடிவ ரொட்டி, மேலே விதைகள் தூவியது, சூடு ஆறாதது. பசித்துக் கிடக்கும் மக்கள் தங்கள் பிள்ளைக்காகக் காசு சேர்த்து வாங்கியது. பிள்ளை போன பிறகு, அவளுக்குப் பூ வைத்தவளுக்கு அதை அனுப்புகிறார்கள். தன் மாவட்டத்தைச் சேராத ஒருவருக்கு ஒரு மாவட்டம் பரிசு அனுப்பியதாக அவள் அதுவரை கேட்டதில்லை. வானத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு அதைச் சாப்பிடுகிறாள். படத்தில் அதற்குப் பதிலாகப் பதினொன்றாம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது. திரையில் அது வலுவான காட்சிதான். ஆனால் கோபம் எல்லாப் புரட்சிக் கதைகளிலும் உண்டு. பட்டினி கிடப்பவர்கள் அயலாளுக்கு ரொட்டி அனுப்புவது இந்தக் கதையில் மட்டுமே நான் கண்டது.

ரூவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கரும்பழுப்பு நிறத் தோலும் கண்களும் என்று நூலில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. படத்தில் கறுப்பினச் சிறுமி ஒருவர் அந்த வேடத்தில் நடித்ததும், இந்தப் பாத்திரத்தை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று நூலைப் படித்ததாகச் சொல்லிக்கொண்ட பலரே இணையத்தில் இழிவாக எழுதினார்கள். நிறத்தைப் பற்றி நம் வீடுகளிலும் பேசப்படும் பேச்சுகளை நினைத்து, இந்தச் செய்தியை ஒவ்வொரு வகுப்பிலும் தவறாமல் சொல்கிறேன்.

இனி உங்கள் முதன்மையான கவலைக்கு வருகிறேன். அமெரிக்காவிலும் பெற்றோர் பலர் இந்த நூல்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி முறையிட்டார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிக எதிர்ப்புக்குள்ளான பத்து நூல்களின் பட்டியலில் 2010, 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் இத்தொடர் இடம்பெற்றது. ஆகவே உங்கள் தயக்கம் விசித்திரமானதன்று. நூலில் கொலைகள் உண்டு. சில படத்தைவிடக் கடுமையானவை. ஆனால் எந்தக் கொலையும் வெற்றியாக எழுதப்படவில்லை. ரூவைக் கொன்றவனை அம்பெய்து வீழ்த்திய அன்றிரவு காட்னிஸ், எங்கோ அவனுக்காக அழும் ஒரு குடும்பத்தை நினைக்கிறாள். போட்டியில் வென்று திரும்பியவர்கள் யாருமே நலமாக இல்லை: ஒருவர் குடிக்கிறார், சிலர் போதைமருந்துக்கு அடிமை, காட்னிஸுக்கு இரவெல்லாம் கெட்ட கனவுகள். காலின்ஸின் தந்தை விமானப்படை அதிகாரி. காலின்ஸுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஓராண்டு வியட்நாம் போருக்குப் போனவர். போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசியவர். போர் ஒரு மனிதருக்கு என்ன செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்ற அந்த அக்கறை நூல் முழுவதும் தெரிகிறது.

நம் பிள்ளைகள் புறநானூற்றின் 279-ஆம் பாடலையும் படிக்கிறார்கள். பிறந்த வீட்டு ஆணையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த ஒரு தாய், மீண்டும் பறை கேட்டதும், தன் ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்குப் போ என்கிறாள். ஒக்கூர் மாசாத்தியார் எழுதிய அந்த வரிகளை வீரத்துக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம், தேர்விலும் கேட்கிறோம். ஹங்கர் கேம்ஸின் தொடக்கத்திலும் ஒரு தாய் மகள் குளிக்க வெந்நீர் வைத்து, தன்னுடைய நல்ல நீல நிற உடையை எடுத்து வைத்து, தலை பின்னி அனுப்புகிறாள். இரண்டையும் ஒரே வாரத்தில் வாசிக்கவைத்தபோது, அந்தச் சங்கப் பாட்டின் சிறுவனிடம் யாராவது கேட்டார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வி எழுவதற்காகவே இந்த வயதில் இந்த நூலைக் கொடுக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் நூலுக்கு நான் நிபந்தனை வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. பீட்டா சித்திரவதைக்குள்ளாகி, நினைவுகள் திரிக்கப்பட்டு, காட்னிஸையே கொல்ல வருகிறான். அழகிய இளைஞன் பின்னிக், தன்னை அதிபர் ஸ்னோ பணக்காரர்களுக்கு விலைக்கு விற்றுவந்ததை வெளிப்படையாகச் சொல்கிறான். படத்தில் ஓடிப்போகும் வசனமாக இருப்பது நூலில் நின்று உறைக்கும். பிரிம் இறக்கிறாள். அவளைக் கொன்ற குண்டுகளின் உத்தி, கேல் வகுத்த திட்டத்தை ஒத்திருக்கிறது. புரட்சியின் தலைவி காயின், கேபிடல் குழந்தைகளை வைத்துக் கடைசியாக ஒரு போட்டி நடத்தலாமா என்று வாக்கெடுக்கும்போது, காட்னிஸ் ஆம் என்கிறாள். பிறகு ஸ்னோவைக் கொல்ல ஏந்திய வில்லைக் காயினை நோக்கித் திருப்புகிறாள். அந்த வாக்கு மனதார அளித்ததா, காயினை நம்பவைக்க அளித்ததா என்பதை நூல் விளக்குவதில்லை. அதன் பின் வரும் பக்கங்களில் அவள் சாக விரும்புகிறாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் இதையெல்லாம் விடுதி அறையில் தனியாக, இரவில் வாசிக்க வேண்டாம். விடுமுறையில், வீட்டில், நீங்களும் வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசிக்கட்டும். எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அந்த வாக்கெடுப்பில் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். அவள் பேசுவாள்.

இது வெறும் பொழுதுபோக்குக் கதை என்று சொல்வோருக்கு ஒன்றை நினைவூட்டலாம். மாவட்டத்து மக்கள் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டும் மரியாதைச் சைகையை, 2014-ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த தாய்லாந்தில் மாணவர்கள் எதிர்ப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காகக் கைதும் செய்யப்பட்டார்கள். 2021-ல் மியான்மரிலும் அது தெருக்களில் உயர்ந்தது.

முதலில் முதல் நூலை மட்டும் வாங்குங்கள். தொகுப்பாக வாங்கிவிட்டால் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். ஆங்கிலம் கடினமானதன்று, சிறு வாக்கியங்கள், ஒன்பதாம் வகுப்பு மாணவி அகராதி இல்லாமலே வாசித்துவிடலாம். பின்னாளில் காலின்ஸ் எழுதிய இரண்டு முன்கதைகளும் உண்டு. 2020-ல் வந்தது இளைஞன் ஸ்னோவின் கதை; 2023-ல் படமானது. முற்றுகையின்போது பசியால் பிணத்தின் காலை அறுத்த மனிதரைச் சிறுவயதில் பார்த்தவன், பசியை ஆயுதமாக்கும் அதிபராக எப்படி வளர்கிறான் என்பதைச் சொல்வதால், அதைப் பதினொன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் வந்தது ஹேமிட்சின் கதை. இரட்டிப்பாக நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் அனுப்பப்பட்ட ஐம்பதாம் போட்டியைச் சொல்கிறது. நடந்ததை வெட்டி ஒட்டி வேறொன்றாக நாட்டுக்குக் காட்டுவது எப்படி என்பதே அதன் மையம். அதன் திரைப்படம் 2026 நவம்பரில் வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த ஒன்றையாவது அவள் திரையில் பார்ப்பதற்கு முன் வாசித்துவிடட்டும்.